வரக்கூடாத சீசன்

கடலுக்கு எப்போது போகலாம் என்று கேட்டால் டிரைவரிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "இது சீசன் இல்லம்மா."

கல்யாணமான புதிதில் அவர் பெண்டாட்டி கேட்டாள். மகள் பிறந்து தவழ்ந்தபோது கேட்டாள். அந்த மகளுக்கே கல்யாணமாகி வேறு ஊருக்குக் குடிபோன பிறகும் கேட்டுவிட்டாள். பதில் மாறவே இல்லை. காரணம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. அந்த விஷயத்தில் மனிதர் பலே கெட்டிக்காரர். கோடையில் கேட்டால், மணலில் கால் வைத்தால் கொப்பளித்துவிடும் என்பார். பள்ளி விடுமுறையில் கேட்டால், கடலே தெரியாது, தலைதான் தெரியும் என்பார். மழைக்காலத்தில் அலை ஆளையே இழுத்துக்கொண்டு போய்விடுமாம். குளிர்காலத்தில் மூடுபனியாம், எதிரில் நிற்கிற பாறைகூடக் கண்ணுக்குத் தெரியாதாம். வெயிலும் இல்லாமல், மழையும் இல்லாமல், பனியும் இல்லாமல் நடுவில் கொஞ்சநாள் வருகிறதே, அது என்ன ஆயிற்று என்று ஒருமுறை மடக்கினாள். அப்போதுதான் ஜெல்லி மீன் கரை ஒதுங்குமாம், பட்டால் காலெல்லாம் தடித்துவிடுமாம். வருஷத்தில் எந்த மாதத்தைத் தொட்டாலும் அதற்கு ஒரு நொட்டை வைத்திருந்தார்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். சொல்கிறவர் யார்? அதே கடற்கரைக்கு வாரம் தவறாமல் சுற்றுலா பஸ் ஓட்டிக்கொண்டு போகிறவர். ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டிவிட்டுத் திரும்பி வருவார். கட்டின பெண்டாட்டியிடம் வந்து சீசன் சரியில்லை என்பார். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

அவள் தையல்காரி. வாசல் அறையில் தையல் மெஷின், சுற்றிலும் துணி மூட்டை. டிரைவர் ஓட்டுகிற பஸ்ஸின் சீட் உறை, தலை சாய்க்கிற இடத்து வெள்ளை உறை, ஜன்னல் திரை, எல்லாம் அவள் கைவேலைதான். எந்த சீட்டின் கைப்பிடி லொடலொடக்கும், எந்த சீட்டுக்கு உறை அரை விரல் பெரிதாக வெட்ட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அந்த சீட்டில் ஒருநாள் உட்கார்ந்து பயணம் போனது கிடையாது. உறைகள் துவைக்க வீட்டுக்கு வரும். உள்புறமாகத் திருப்பித் தையலை உதறினால் பொலபொலவென்று மணல் கொட்டும். நைசான, வெளிர் நிறத்து மணல். அடுத்தவர்கள் பார்த்துவிட்டு வந்த கடலை இத்தனை வருஷமாக இவள் துடைப்பத்தால் கூட்டி வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள்.

மெஷினுக்கு மேலே சுவரில் டிராவல்ஸ்காரர்களின் காலண்டர் தொங்கும். மலைப்பாதை வளைந்து இறங்குகிற இடத்தில் சட்டென்று விரிகிற நீலக் கடல், கறுப்புப் பாறைகள், ஒரு வெள்ளைக் கலங்கரை விளக்கம். வருஷத்துக்கு ஒரு காலண்டர் வரும், படம் அதேதான். பாபினில் நூல் சுற்றும்போதெல்லாம் அவள் கண் அங்கே போகும்.

கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகாவிட்டாலும் கதைக்குக் குறைவில்லை. அங்கே டிரைவருக்கென்று மாடியில் தனி அறையாம். காலையில் திரையை விலக்கிவிட்டுப் படுத்தபடியே கடலைப் பார்க்கலாமாம். வெள்ளைத் துணி விரித்த மேஜையில் சாப்பாடாம், பரிமாறுகிறவன் "சார்" போட்டுத்தான் பேசுவானாம். இதை அவள் அப்படியே நம்பினாள். நம்பியதோடு நிறுத்தினாளா? அளவு எடுக்க வருகிற பெண்களிடமெல்லாம், தோளில் டேப்பை வைத்துக்கொண்டே, "எங்க வீட்டுக்காரருக்குக் கடலப் பாத்த ரூமு" என்று தெரு முழுக்க டமாரம் அடித்துவைத்திருந்தாள்.

ஒருநாள் சாயங்காலம் டிரைவர் உறை மூட்டையைக் கொண்டுவந்து போட்டார். வழக்கம்போல நாற்காலியை இழுத்து உட்காரவில்லை. டிராவல்ஸ் முதலாளியம்மா பெரிய பஸ்ஸை விற்கப்போகிறாள் என்றார். அந்தம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை, இனிமேல் கடற்கரை ட்ரிப் கிடையாது, அடுத்து வருவதுதான் கடைசி. அதற்குப் பிறகு அவர் ஊருக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுவார். இதையெல்லாம் குழாய் ஒழுகுகிறது என்று சொல்கிற குரலில் சொல்லிவிட்டு, சாப்பாடு ஆச்சா என்று கேட்டார்.

அவள் சாப்பாடு போட்டாள். அவர் நாலு வாய் சாப்பிடும்வரை பொறுத்தாள்.

"அப்ப இந்த ட்ரிப்புக்கு நானும் வரேன்."

"மழை சீசன்ல யாராவது கடலுக்குப் போவாங்களா?"

"பஸ்ஸு ஃபுல்லுன்னு நீங்கதான சொன்னீங்க. ஏறுறவங்க எல்லாம் யாரு?"

"விவரம் தெரியாதவங்க."

"நானும் விவரம் தெரியாதவதான். கூட்டிட்டுப் போங்க."

மனிதர் மசியவில்லை. தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தார். அடுத்த வருஷம் நல்ல மாதமாகப் பார்த்து, சாதாரண பஸ்ஸில், நாம் ரெண்டு பேர் மட்டும் நிதானமாகப் போவோம் என்றார். சொந்தக் கையில் ஸ்டீயரிங் இருக்கும்போதே கூட்டிப்போகாதவர், அடுத்தவன் ஓட்டுகிற பஸ்ஸில் கூட்டிப்போகப் போகிறாராக்கும். இவள் என்ன பால்குடி மறக்காத குழந்தையா, நம்புவதற்கு? இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான், இந்த ஜென்மத்தில் கடல் கிடையாது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே முடிவு செய்துவிட்டாள். அவர் கூட்டிப்போகாவிட்டால் என்ன, அவளுக்குக் கால் இல்லையா?

மறுநாள் பட்டன் தைக்க வந்த தங்கச்சியிடம் விஷயத்தைச் சொன்னாள். தங்கச்சி பக்கத்து வீடு. வாய் கொஞ்சம் நீளம்.

"வருஷக் கணக்கா ஒரு மனுஷன் பொண்டாட்டிய ஒரு ஊருக்கு வர விடமாட்டேங்கறார்னா," என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள், "அத்தானுக்கு அங்க ஒரு சின்ன வீடு இருக்குமோ என்னவோ."

விளையாட்டாகத்தான் சொன்னாள். தையல்காரியும் சிரித்தாள். அந்த முகத்துக்குச் சின்ன வீடு ஒரு கேடா என்று பதிலுக்குக் கிண்டலும் செய்தாள். ஆனால் தங்கச்சி எழுந்து போன பிறகு ஊசி துணியை விட்டு விலகி வெறும் தகட்டில் ஓடிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவே இல்லை. மனசுக்குள் முள் விழுந்துவிட்டது.

துவைத்து மடித்த உறைகளை எடுத்துக்கொண்டு டிராவல்ஸ் ஆபீசுக்குப் போனாள். முதலாளியம்மா போனில் யாரிடமோ, இப்போது வந்தால் அருமையாக இருக்கும், இதைவிட நல்ல சீசன் கிடைக்காது என்று தேன் ஒழுகப் பேசிக்கொண்டிருந்தாள். ரிசீவரை வைத்ததும் தையல்காரி தனக்கு ஒரு டிக்கெட் வேண்டும் என்றாள்.

"உனக்கெதுக்கும்மா டிக்கெட்டு?" என்றாள் முதலாளியம்மா. "டிரைவர் வீட்டு ஆளுக்கு எப்பவும் ஒரு சீட்டு உண்டே. வருஷா வருஷம் கூட்டிட்டு வாங்கன்னு நானே சொல்லிட்டுத்தான் இருக்கேன். உனக்கு பஸ்ஸே ஒத்துக்காது, ரெண்டு வளைவு திரும்பினா குடலே வெளிய வந்துடும்னு சொன்னாரே?"

தையல்காரிக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினதுபோல இருந்தது. பஸ் ஒத்துக்காதா? மகள் வீட்டுக்குப் போகும்போது பாதி ராத்திரி நின்றுகொண்டே போகிறவள் அவள். பக்கத்து சீட்டுக்காரி வாந்தி எடுத்தால் பை பிடிக்கிறவள். இவளுக்கா ஒத்துக்காது? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் வெளி ஆள் முன்னால் கட்டினவரை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"இப்ப ஒரு மாத்திரை போட்டேங்க, சரியாயிடுச்சு," என்றாள்.

கடைசி வரிசையில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. அவரிடம் சொல்ல வேண்டாம், அங்கே பார்த்துத் திகைக்கட்டும் என்று கேட்டுக்கொண்டாள். முதலாளியம்மா இந்த வயசிலும் இவ்வளவு ஆசையா என்று கண்ணைச் சிமிட்டினாள். அது ஆசையா ஆத்திரமா என்று தையல்காரிக்கே அப்போது பிடிபடவில்லை.

புறப்படுகிற அன்று விடியற்காலையில் டிரைவர், "போயிட்டு வரேன்" என்றார். அவள் "ம்" என்றாள். அவர் தலை தெருமுனை திரும்பியதும் ஒரு வண்டி பிடித்தாள். பஸ்ஸின் பின்பக்கம் அவர் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருக்க, இவள் முன்பக்கமாக ஏறி, தலையோடு சால்வையைப் போர்த்திக்கொண்டு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முதல் காரியமாக முன் சீட்டின் உறையில் ஒரு தையல் விட்டிருப்பதைக் கண்டுபிடித்து மனசுக்குள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஊர் எல்லை தாண்டியதும் சால்வையை எடுத்தாள். டிரைவர் வழக்கம்போலக் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பார்வையைச் சாலைக்குத் திருப்பினார். மறுபடி பார்த்தார். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. கண்ணாடியில் அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. இவள் அசரவில்லை. கண்ணாடியையே நேராகப் பார்த்துக்கொண்டு ஜன்னல் திரையின் வளையத்தைச் சரிசெய்தாள். இத்தனை பேரை வைத்துக்கொண்டு மனிதரால் என்ன செய்ய முடியும்? ஓட்டினார்.

டீ குடிக்க நிறுத்திய இடத்தில் எல்லாரும் இறங்கிய பிறகு பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன வேலை இது?" என்று பல்லைக் கடித்தார். "இறங்கு. எதிர்ல வர்ற பஸ்ல ஏத்தி விடறேன்."

"வாந்தி வரட்டும். அப்ப இறங்கறேன்."

டிரைவர் முகத்தில் ஈயாடவில்லை. குட்டு உடைந்துவிட்டது என்று தெரிந்துவிட்டது. என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் வெளியே யாரோ, "டிரைவர்! ஏய் டிரைவர்! பெட்டி வைக்கிற கதவத் திறப்பா!" என்று கத்த, சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு ஓடினார். வீட்டில் எழுந்து வந்து சாப்பிட நாலு தடவை கூப்பிட வேண்டிய மனிதர், ஒரே குரலுக்கு அப்படி ஓடினார். அந்த ஓட்டம் அவளுக்குப் புதிது. பார்க்க என்னவோ போல இருந்தது.

பக்கத்து சீட்டில் கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெரியவர். ஓய்வு பெற்றவர், வாய் ஓயாதவர். முதல் தடவையா என்று அவளைக் கேட்டார். ஆமாம் என்றாள்.

"டிரைவரோட பேச்சுக்காகவே வரலாம்மா," என்றார். "கடல் தெரியற முதல் வளைவுல வண்டிய நிறுத்தி மைக்குல பேசுவாரு பாருங்க. நான் ஒரு தடவ கோடையில வந்தேன். கோடைதான் சரியான சீசன்னாரு. பனியில வந்தேன். நீங்க வந்திருக்கறதுதான் சரியான நேரம்னாரு. லீவுல பேரப்பிள்ளைங்களோட வந்தேன், அதுக்கும் அதையேதான் சொன்னாரு. அவ்வளவு தூரம் வந்தவனுக்கு ஒரு நல்ல வார்த்தை வேணும் இல்லையா? மனுஷன் தங்கம்."

தையல்காரி சிரித்துவைத்தாள். உள்ளுக்குள் கொதித்தது. ஊரானுக்கெல்லாம் எல்லா மாதமும் நல்ல மாதம். இவளுக்கு மட்டும் வெயில், கூட்டம், பனி, ஜெல்லி மீன். இத்தனை வருஷமாகக் காதில் பூ சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார், அவளும் பூவோடு உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மலைப்பாதை ஏறி இறங்கத் தொடங்கும்போது மழை பிடித்தது. முதல் வளைவு வந்தது. பஸ் நிற்கவில்லை, மெதுவாக நழுவப் பார்த்தது. தொப்பிக்காரர் விடுவாரா? "டிரைவர், பேச்சு எங்க?" என்று குரல் கொடுத்தார். முன்னால் நாலு பேர் கை தட்டினார்கள். வேறு வழியில்லாமல் டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். மைக்கை எடுத்தார். கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"மழையில வந்துட்டோமேன்னு யாரும் வருத்தப்படாதீங்க. உண்மையச் சொன்னா இதுதான் சீசன். கோடையில வர்றவங்க வெயிலப் பாத்துட்டுப் போவாங்க. லீவுல வர்றவங்க கூட்டத்தப் பாத்துட்டுப் போவாங்க. கடலப் பாக்கணும்னா மழையிலதான் வரணும். பாறையெல்லாம் அப்பதான் கழுவி வச்ச மாதிரி இருக்கும். மேகம் இறங்கி வந்து தண்ணியத் தொடும். அங்க, இடது பக்கம் பாருங்க."

அது வீட்டில் உப்பு கேட்கிற குரல் இல்லை. ஆத்திரத்தில் இருந்தவளையும் அந்தக் குரல் திரும்பிப் பார்க்க வைத்தது. திரையை விலக்கினாள்.

காலண்டரில் இருந்த கடல் நீலம். இது நீலமில்லை. ஈயப் பாத்திரத்தின் நிறம். எங்கே தண்ணீர் முடிந்து எங்கே வானம் தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஓரத்தில் கறுப்புப் பாறைகள்மேல் ஏறி ஏறி வெள்ளையாக உடைந்தது. முக்கியமாக, அது அசைந்தது. இவ்வளவு பெரியது ஒன்று ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும் என்று எந்தக் காலண்டரும் அவளுக்குச் சொல்லவில்லை. கண் நிறைந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம்தான். அப்புறம் போன கோபம் வட்டியோடு திரும்பி வந்தது. இதையா? இதையா இந்த மனிதர் இவளிடமிருந்து மறைத்துவைத்தார்? அவள் சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"டிரைவர், ஒரு சந்தேகம்."

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"இங்க வரக்கூடாத சீசன்னு ஒண்ணு இருக்கா?"

வைப்பர் கண்ணாடியில் கிரீச் கிரீச் என்று போய் வந்தது. டிரைவர் மைக்கைப் பிடித்தபடி கண்ணாடியில் அவளைப் பார்த்தார். பதில் அவரிடம் இல்லாமலா? வண்டி வண்டியாக வைத்திருந்தார். அத்தனையும் இவளுக்கு மனப்பாடம் என்பதும் அவருக்குத் தெரியும். ஒன்றையாவது இப்போது சொல்லட்டுமே பார்க்கலாம் என்று அவள் நின்றாள்.

"இல்லைங்கம்மா," என்றார். மைக்கில் குரல் கம்மியது. "அப்படி ஒரு சீசனே இல்ல."

"எப்ப வேணாலும் வந்திருக்கலாமா?"

"வந்திருக்கலாம்."

"சரி. தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்," என்று உட்கார்ந்தாள்.

நல்ல கேள்வி கேட்டீங்கம்மா, இது என் மண்டையில் உதிக்கவே இல்லையே என்று தொப்பிக்காரர் பாராட்டினார்.

ஓட்டல் வாசலில் எல்லாரும் குடைக்கும் கூரைக்குமாக உள்ளே ஓடினார்கள். வாசலில் நின்ற மேனேஜர் ஒவ்வொருவரையும் குனிந்து வரவேற்று சாவி கொடுத்தார். இவள் முறை வந்ததும், "டிரைவர் வீட்டுக்காரம்மா நீங்கதானா? முதலாளியம்மா போன் பண்ணினாங்க" என்றார். குனியவில்லை. சாவியும் கொடுக்கவில்லை. கையை மட்டும் பின்பக்கம் காட்டினார்.

சமையல்கட்டைத் தாண்டி, அடுக்கியிருந்த சிலிண்டர்களைத் தாண்டி, கடகடவென்று அதிர்கிற ஜெனரேட்டரைத் தாண்டிப் போனாள். தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை. வரிசையாக இரும்புக் கட்டில்கள், பல ஊர் டிரைவர்களின் பைகள், கொடியில் காயாத துணிகள். ஒரே ஒரு ஜன்னல். அதற்கு எதிரே ஒரு முழ தூரத்தில் சுவர். ஒரு கட்டிலின்மேல் அவர் பை இருந்தது. அவள் தைத்துக் கொடுத்த பை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கடலைப் பார்த்த ரூம் இதுதானா? சின்ன வீட்டைத் தேடி வந்தவளுக்குக் கிடைத்தது இந்தக் கட்டில். தங்கச்சி போட்ட முள் பட்டென்று வெளியே வந்துவிட்டது. நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அந்த நிம்மதியை அனுபவிக்க முடியவில்லை. கூரைத் தகரத்தில் மழை பறையடித்தது. இந்தச் சத்தத்தில், இந்தக் கட்டிலில் படுத்து எழுந்து வந்துவிட்டுத்தான் திரை, மேஜைத் துணி, சார் என்று அத்தனையும் அளந்திருக்கிறார்.

டிரைவர் வாளியும் துடைப்பானுமாக வந்தவர், நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"இதுக்குத்தான் வேணாம்னேன்." வாளியைக் கீழே வைத்தார். "நீ வந்தா உன்னையும் இப்படித்தான் பின்னாடி அனுப்புவாங்க. ஏய் டிரைவர்னு கூப்பிடுவாங்க, நான் ஓடுவேன், நீ பாத்துட்டு நிப்ப. வீட்டுலயாவது ஒருத்தி என்னப் பெரிய ஆளுன்னு நெனச்சுட்டு இருக்கட்டுமேன்னுதான்."

"ரூமு எப்படி இருந்தா எனக்கென்ன? நான் ரூமையா கேட்டேன்?" அவளுக்குக் குரல் உடைந்தது. "கடலத்தான கேட்டேன்? அது கண்ணு முன்னாடி நிக்குது. அதக் காட்டறதுக்கு உங்களுக்கு என்ன வெக்கம்?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். வாங்க, போகலாம் என்றாள். பஸ்ஸைத் துடைக்க வேண்டும் என்றார். மலைப்பாதையில் ஒரு குழந்தை வாந்தி எடுத்துவிட்டதாம். மழை விட்டால் எல்லாரையும் கலங்கரை விளக்கத்துக்குக் கூட்டிப்போகவும் வேண்டுமாம். அவள் துடைப்பானைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து பஸ்ஸைக் கழுவித் துடைத்தார்கள். கறை பட்ட உறைகளைக் கழற்ற அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டே வரும். வேலை மளமளவென்று முடிந்தது. பயணிகள் எல்லாரும் கூடத்தில் சீட்டு ஆடிக்கொண்டும் மழையை வைதுகொண்டும் உட்கார்ந்திருந்தார்கள். கடற்கரையில் ஒரு ஈ காக்கை இல்லை.

பாறையில் வெட்டிய படிகள் வழியாக இறங்க வேண்டும். மேல்படியிலேயே அவர் தயங்கினார். நீ போய்ப் பார்த்துவிட்டு வா, நான் இங்கேயே நிற்கிறேன், யாராவது கூப்பிடுவார்கள் என்றார். அந்தப் பேச்சே இன்று வேண்டாம் என்று அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள். அடம் என்றால் அப்படி ஓர் அடம்.

மணலில் அவர் ஷூ புதைந்தது. ஒவ்வொரு அடிக்கும் தடுமாறினார். கழற்றச் சொன்னாள். குனிந்து நாடாவை அவிழ்த்து, சாக்ஸை மடித்து, வீட்டு வாசலில் செய்வதுபோலவே ஷூவுக்குள் செருகினார். பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு தூரம் போகலாம், எங்கே ஆழம், எங்கே நிற்கலாம் என்று அவர் சொல்வார் என அவள் காத்திருந்தாள். அவரோ அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு அவளே முன்னால் நடந்தாள்.

அலை வந்தது. நுரையோடு ஏறி இரண்டு பேர் கணுக்காலையும் மூடியது. அவள் சின்னப்பிள்ளைபோலச் சிரித்துவிட்டாள். டிரைவர் துள்ளிக் குதித்து அவள் தோளை இறுகப் பற்றிக்கொண்டார்.

"என்னம்மா இது," என்றார். மூச்சு வாங்கியது. "இவ்ளோ ஜில்லுன்னா இருக்கும்? காலுக்கு அடியில மண்ணு வேற ஓடுது. யாருமே சொல்லலையே."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாடுகிற முகம் இல்லை அது.

"நீங்க இதுக்கு முன்னாடி இறங்கினதே இல்லையா?"

"எப்ப இறங்கறது?" என்றார். "எல்லாரும் இங்க வருவாங்க, நான் வண்டியத் துடைப்பேன். துடைச்சுட்டு செத்த நேரம் படுக்கணும், மறுநாள் ஓட்டணும்ல. அதுக்குள்ள கூப்பிட்டுடுவாங்க. வளைவுல கண்ணாடி வழியாப் பாக்கறதுதான்."

"அப்ப அந்த வெயிலு, பனி, ஜெல்லி மீனு?"

"திரும்பிப் போறப்ப வண்டியில பேசிக்குவாங்க." தலையைக் குனிந்துகொண்டார். "குறையாச் சொன்னதெல்லாம் உன்கிட்ட சொல்லுவேன். நல்லதாச் சொன்னதெல்லாம் மைக்குல சொல்லுவேன்."

கடலை அவர் ஒருத்தராக வைத்துக்கொண்டு அனுபவிக்கிறார், தனக்குத்தான் இல்லை என்று இத்தனை வருஷமாக வயிறெரிந்தாளே. அவள் உதறிக் கூட்டின மணலில் ஒரு பொடிகூட அவர் காலில் ஒட்டி வந்ததில்லை. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் சேர்த்தே செய்தாள். என்னம்மா, என்னம்மா என்று அவர் பதறினார்.

மழை சட்டென்று குறைந்தது. மேலே பாறை விளிம்பில் ஒரு குடை தெரிந்தது. மேனேஜரின் குரல்.

"டிரைவர்! ஏய் டிரைவர்! வண்டிய எடுப்பா, எல்லாரும் கெளம்பிட்டாங்க!"

டிரைவரின் உடம்பு தானாகத் திரும்பியது. ஷூவும் கையுமாக ஒரு கால் ஏற்கெனவே படியைப் பார்த்து எடுத்து வைத்துவிட்டார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடும்மா, கூப்பிடறாங்க."

விடவில்லை. அங்கிருந்தே தலையை நிமிர்த்தி, அலைச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"டிரைவர் இங்க இல்லைங்க! அப்புறமா வருவாரு!"

குடை அப்படியே நின்றது. டிரைவர் திருதிருவென்று விழித்தார். குடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். அடுத்த அலை வந்து கணுக்காலை மூடிவிட்டுப் போனது. இந்தத் தடவை அவர் குதிக்கவில்லை. மேலே இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் நாலடி பின்னால் போய், தண்ணீர் படாத இடமாகப் பார்த்து ஷூவை மணலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.